கெடு விதிக்காத பிரார்த்தனை

சாது சுந்தர் சிங் 1889-இல் பஞ்சாபின் ராம்பூரில் சீக்கியக் குடும்பம் ஒன்றில் அவதரித்தார். பகவத்கீதையைக் கற்பித்தும், துறவியரிடம் அழைத்துச் சென்றும் அவருள் இறைத்தாகத்தை வளர்த்தவர் அவருடைய அன்னை. அன்னையின் மறைவு அத்தாகத்தைத் தவிப்பாக்கியது. சீற்றத்தில் விவிலியத்தை எரித்தார். அப்போதும் சாந்தி கிட்டவில்லை.

1904 டிசம்பர் 18. விடிவதற்குள் இறைவன் காட்சி தராவிடில் உயிர்துறப்பதென உறுதிபூண்டு, இருள் பிரியுமுன் பிரார்த்தனையில் அமர்ந்தார். பேரொளியின் நடுவே ஏசுபிரானைக் கண்டதாகப் பின்னாளில் கூறினார்.

ஏசுவை ஏற்ற மகனைத் தந்தை ஷேர் சிங் வீட்டைவிட்டு விலக்கினார். 1905-இல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்ற சுந்தர், காவியுடுத்தி, வெறுங்காலுடன் இமயச் சாரலிலும் திபெத்திலும் திரிந்தார். பிரார்த்தனை என்பது பொருளை யாசிப்பதன்று, இறைவனையே நாடுவது என்று போதித்தார்.

அன்று இறைவனுக்கே கெடு விதித்தவர், தந்தையின் மனமாற்றத்திற்குக் கெடு விதிக்கவில்லை. ஆண்டுகள் பல கடந்தபின் தந்தையும் அதே நெறியை ஏற்றார். மகனின் 1920-ஆம் ஆண்டு மேலைநாட்டுப் பயணத்திற்குப் பொருளும் அளித்தார்.

1929-இல் திபெத் நோக்கிப் புறப்பட்ட சாது திரும்பவில்லை. விடாது வேண்டுவதும், விடையின் வேளையை இறைவனிடமே விடுவதும் ஒரே நம்பிக்கையின் இரு கரங்கள் என்பதை அவரது வாழ்வு உணர்த்துகிறது.