அரசுப் பணம் யாருக்கு? அம்பேத்கரின் அளவுகோல்

1891இல் மாவ் படைமுகாமில் பிறந்த அண்ணல் அம்பேத்கர், கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்ற பொருளியல் அறிஞர். 1936இல் அவர் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சி, மக்கள் நலனுக்குத் தேவையெனில் தொழில்களை அரசே நடத்த வேண்டும் என்றது. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தவர், ஆலை வேலைநேரம் வாரம் 48 மணியாகக் குறைய வழிசெய்தார். 1947இல் முக்கியத் தொழில்களையும் வேளாண்மையையும் அரசுடைமையாக்கக் கோரினார். நிலத்தைச் சாதி வேறுபாடின்றிக் குத்தகைக்கு விடுவதும் அதில் அடக்கம். 1956 டிசம்பர் 6இல் மறைந்தார்.

அவருக்குப் பின், 1974இல் உருவான தமிழ்நாடு உப்பு நிறுவனம் இராமநாதபுரத்தின் வாலிநோக்கத்தில் உப்பளம் நடத்துகிறது. நலிந்த தொழிலுக்கு அரசு பணம் தரலாமா? அது உழைப்போரின் கூலியாகவும் உரிமையாகவும் சேருமெனில் தருக என்கிறோம்; முதலாளியின் கடனை அடைக்க மட்டுமெனில் மறுக்கிறோம்.