ஆல்ப்ஸ் மலையில் ஒரு கோடை

கியூரி அம்மையார் என்றதும் நம் மனக்கண் முன் வருவது கறுப்பு உடையணிந்த ஒரு மாதின் உருவம், எதிரே சோதனைக் குழாய்கள், முகத்திலே சிரிப்பில்லை. பள்ளிப் பாடநூல் நமக்குக் கொடுத்த படம் அது. பொய்ப் படம் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் பாதிப் படம். முதுகிலே மூட்டையைக் கட்டிக்கொண்டு, பெண்மக்கள் இருவருடன் ஆல்ப்ஸ் மலைப் பாதையில் நடந்து செல்லும் கியூரி அம்மையாரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1913-ம் ஆண்டுக் கோடையில் அவர் அப்படி நடந்தார். அவர் வரலாற்றைச் சொல்வோர் ஒரு வரியில் தாண்டிப் போகும் அந்த நாட்களை நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணத்தைப் பின்னால் கூறுகிறேன்.

1867-ம் ஆண்டு நவம்பர் 7-ம் தேதி வார்சா நகரில் பிறந்தவர் மேரி. பெற்றோர் இட்ட பெயர் மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா. அன்று அந்நகரம் ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. பள்ளியில் ருஷ்ய மொழியில்தான் பாடம்; தாய்மொழிக்கு அங்கே இடமில்லை. பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. எனவே சகோதரிகள் இருவர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். அக்காள் பிரோனியா பாரிசில் மருத்துவம் படிப்பது. தங்கை வேலை பார்த்துப் பணம் அனுப்புவது. பிறகு அக்காள் தங்கையை அழைத்துக்கொள்வது. பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே மேரியின் இளமை கழிந்தது. எனக்கு இன்று வயது 23. அந்த வயது முடியும் தறுவாய் வரை அவர் பல்கலைக்கழக வாசற்படியை மிதித்ததில்லை. 1891-ல் பாரிஸ் சென்று ஸோர்போனில் சேர்ந்த சில நாட்களில் அவருக்கு 24 நிறைந்தது. வேற்றூர், வேற்றுமொழி, குளிர் நடுக்கும் மாடியறை. இருந்தும் 1893-ல் பௌதிகத் தேர்வில் முதலாவதாகவும், மறு ஆண்டு கணிதத் தேர்வில் இரண்டாவதாகவும் தேறினார்.

1895-ல் பியர் கியூரியை மணந்தார். 1898-ல் இருவரும் சேர்ந்து இரண்டு புதிய தனிமங்களைக் கண்டறிந்தனர். உலகப் படத்தில் போலந்து என்று ஒரு நாடு அப்போது இல்லை. மூலகங்களின் பட்டியலிலாவது அப்பெயர் இருக்கட்டும் என்று முதல் தனிமத்துக்குப் பொலோனியம் எனப் பெயரிட்டார் மேரி. மற்றது ரேடியம். 1903-ல் பௌதிக நோபல் பரிசை இவ்விருவரும் பெக்கரலும் பகிர்ந்துகொண்டனர். 1906 ஏப்ரலில் பாரிஸ் தெருவொன்றில் குதிரை வண்டியில் சிக்கிப் பியர் மாண்டார். ஐரீனுக்கு அப்போது வயது 8. ஈவுக்கு ஒன்றரைகூட நிரம்பவில்லை. கணவர் விட்ட இடத்திலிருந்து அதே ஆண்டு பாடம் நடத்தத் தொடங்கினார் மேரி. ஸோர்போனில் பாடம் நடத்திய முதல் பெண் அவரே.

இதுவரை பாடநூல் சொல்லும். இனி வருவதை அது சொல்லாது.

1911-ம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் சொற்ப வாக்குகளில் அவரைத் தோற்கடித்தது. அவ்வாண்டு நவம்பரில் பெருங்கேடு வந்தது. பியரின் மாணவராயிருந்த பௌதிக அறிஞர் பால் லான்ஜ்வான், மணமானவர். அவருக்கும் மேரிக்கும் இருந்த நேசத்தைப் பத்திரிகைகள் சந்திக்கு இழுத்தன. குடும்பத்தைக் கெடுக்க வந்த அந்நியப் பெண் என்று எழுதின. அவர் வீட்டின் முன் கூட்டம் கூடியது; கல் விழுந்தது. குழந்தைகளோடு நண்பர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். இதே நாட்களில்தான் இரண்டாம் நோபல் பரிசு, இம்முறை ரசாயனத்துக்காக, அறிவிக்கப்பட்டது. பரிசு பெற நேரில் வர வேண்டாம் என்று சுவீடன் அறிஞர் ஒருவரே கடிதம் எழுதினார். பரிசு ரேடியத்துக்கு, என் சொந்த வாழ்க்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற கருத்தில் பதில் எழுதிவிட்டு, அக்காளையும் ஐரீனையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டுச் சென்றார் மேரி.

மனம் தாங்கியது; உடல் தாங்கவில்லை. திரும்பியதும் படுக்கையில் விழுந்தார். 1912-ல் சிறுநீரக அறுவை சிகிச்சை நடந்தது. எழுந்து நடக்கவே மாதங்களாயின. அவ்வாண்டுக் கோடையில் இங்கிலாந்தில் விஞ்ஞானி ஹெர்த்தா அயர்ட்டன் அம்மையாரின் அரவணைப்பில், ஊரறியாமல் தங்கியிருந்தார்.

அதற்கு மறு ஆண்டுதான் நான் சொல்லும் கோடை. ஐரோப்பியருக்குக் கோடை என்பது நம்முடைய அக்கினி நட்சத்திரம் அன்று. பனி விலகிப் புல் தளிர்க்கும் இன்பப் பருவம். சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கு மூலையில் எங்காடின் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. பள்ளத்தாக்கு என்றாலும் அதன் மேற்பகுதி கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. இன் நதியும் வரிசையாய் ஏரிகளும் அதன் அழகு. அவ்வூராரின் மொழி ரோமான்ஷ். சில பதினாயிரம் பேரே பேசும் அச்சிறு மொழியை 1938-ல் அந்நாடு தன் தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. சீமான்கள் வந்து தங்கும் பெரிய ஓட்டல்கள் அங்கே அப்போதே இருந்தன. மேரி வந்ததோ நடப்பதற்கு. தம் உடம்பில் இன்னும் எவ்வளவு வலு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதற்கு.

அவருடன் 15 வயது ஐரீன், 8 வயது ஈவ், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை. இவர்களோடு சேர்ந்துகொண்டவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். கூடவே அவர் மகன், 9 வயது ஹான்ஸ் ஆல்பர்ட். ஐன்ஸ்டீனும் மேரியும் 1911-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த சால்வே மகாநாட்டில் பழகியவர்கள். ஜூரிக்கில் ஐன்ஸ்டீனுக்குப் பதவி கிடைக்க மேரி பரிந்துரை எழுதினார். ஊரே மேரியைத் தூற்றியபோது, அந்த வம்புகளைப் படிக்கவே வேண்டாமென்று தேறுதல் கூறி எழுதியவர் ஐன்ஸ்டீன்.

குழந்தைகள் முன்னே துள்ளி ஓடினர். பின்னே வந்த ஐன்ஸ்டீன் ஓயாது பேசினார். பனிப்பிளவின் ஓரத்தில் நடப்பதும் செங்குத்துப் பாறையில் ஏறுவதும் அவர் நினைவிலேயே இல்லை. ஒருமுறை சட்டென்று மேரியின் கையைப் பற்றி, லிப்ட் ஒன்று வெறுவெளியில் விழுந்தால் உள்ளே இருப்பவருக்கு என்ன நேரும் என்பதே தாம் அறிய வேண்டியது என்றாராம். சிறுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். தாயின் வரலாற்றை எழுதிய ஈவ் இதைக் குறித்திருக்கிறார். தடையின்றி விழும் பெட்டிக்குள் இருப்பவனுக்குத் தன் எடை தெரியாது. ஈர்ப்பே இல்லாத இடத்தில் மிதப்பவனுக்கும் அவனுக்கும் வேறுபாடில்லை. இந்த எண்ணத்தின் வழியே சென்றுதான் 1915 நவம்பரில் பொதுச் சார்புக் கொள்கையை ஐன்ஸ்டீன் முடித்தார். அம்மலைப் பாதையில் அவர் பேச்சை முழுதும் விளங்கிக்கொண்டு கேட்கக் கூடியவர் மேரி ஒருவரே.

எல்லாம் இனிமை என்று எண்ண வேண்டாம். இப்பெண்மணிக்கு மகிழ்ச்சியை வெளிக்காட்டத் தெரியவில்லை என்று அதே ஆகஸ்டில் ஐன்ஸ்டீன் ஒரு கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார். அவர் கண்டது உண்மையாயிருக்கலாம். கல்லெறி பட்டு இரண்டாண்டு ஆகாத ஒருவரிடம் கலகலப்பை எதிர்பார்க்க முடியுமா? சிரிக்காவிட்டால் என்ன, நடந்தாரே! அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே 1913-ல் வார்சாவில் கதிரியக்கச் சோதனைச்சாலை ஒன்று திறக்கப்பட்டபோது அங்கே சென்று, வாழ்வில் முதன்முறையாகத் தாய்மொழியில் விஞ்ஞானச் சொற்பொழிவு ஆற்றினார். மறு ஆண்டு போர் மூண்டது. எக்ஸ்ரே கருவி பூட்டிய மோட்டார் வண்டிகளைத் திரட்டிப் போர்முனை ஆஸ்பத்திரிகளுக்குத் தாமே சென்றார். துணை நின்றவள் மலையில் முன்னே ஓடிய ஐரீன். பின்னாளில், 1935-ல், அவளும் கணவர் ழோலியோவும் நோபல் பரிசு பெற்றனர்.

அதைக் காண மேரி இல்லை. 1934-ல் ஓயாத காய்ச்சல் கண்டது. காசநோய் என்று ஐயுற்று, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஸான்ஸெல்மோஸ் சிகிச்சை விடுதிக்கு ஈவ் அவரை அழைத்துச் சென்றாள். நுரையீரலில் நோயில்லை என்று அங்கே தெரிந்தது. பல்லாண்டுக் கதிர்வீச்சு எலும்பு மச்சையைத் தின்றிருந்தது. ஜூலை 4-ம் தேதி அம்மலையிலேயே உயிர் பிரிந்தது. 1913-ல் அவரைத் தேற்றிய மலைக்காற்று 1934-ல் அவரைத் தேற்ற முடியவில்லை.

காரணத்தைப் பின்னால் சொல்வதாகக் கூறினேன். இரவெல்லாம் ஆய்வுக்கூடத்தில் விளக்கெரிய விடுவதே விஞ்ஞான பக்தி என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. அதற்குக் கியூரி அம்மையாரைச் சாட்சிக்கு இழுப்பதும் உண்டு. வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்த நமக்கு, மனம் உடைந்தால் மேலும் வேலை செய்வதைத் தவிர வேறு மருந்து தெரிவதில்லை. அவருக்கு வேறு மருந்தும் தெரிந்திருந்தது. மனமும் உடலும் நொறுங்கியபோது வேலையைச் சற்றே ஒதுக்கி வைத்தார், நண்பரின் துணையை ஏற்றார், மக்களோடு மலையேறினார். அந்தக் கோடைக்குப் பின் அவர் ஆற்றிய பணி இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது.

அன்பர்களே, நம் விடுதியில் யாரேனும் சில நாட்களாகச் சாப்பாட்டுக்கு வராமல் அறையை அடைத்துக்கொண்டு கிடந்தால், அவர் கதவைத் தட்டி, வெளியே நடக்க அழைத்துச் செல்லுங்கள். அவர் அதிகம் பேசாவிட்டால் வருந்த வேண்டாம்.