விசாரணையில்லாச் சிறையை எதிர்த்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார்

வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். நீதிமன்ற விசாரணை இல்லாமலேயே அடைத்து வைக்கலாம். அடைக்கப்பட்டவர், தன் விஷயத்தை ஆராயும் அதிகாரிகள் முன் ஒரு வக்கீலை நிறுத்த முடியாது. சிறப்பு நீதிமன்றம் தண்டித்தால் அதற்கு அப்பீல் கிடையாது. 1919-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த ரவ்லட் சட்டத்தின் சாரம் இதுதான்.

இந்தச் சட்டத்தின் தொடர்ச்சியாக நடந்த ஜாலியன்வாலாபாக் படுகொலையை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே சட்டசபைக்குள் எழுந்து நின்று இதை எதிர்த்தவர்களில் ஒருவர் தஞ்சை மண்ணைச் சேர்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர்தான் வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரி.

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமான், காவிரிப் பாசனத்து நெல்வயல்கள் சூழ்ந்த ஊர். அன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1869 செப்டம்பர் 22-ல், ஓர் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் சாஸ்திரியார் பிறந்தார். கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பையும் கல்லூரிப் படிப்பையும் முடித்தார். மாயவரம் நகராட்சிப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். பிறகு சேலத்திலும் பணியாற்றி, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். ஆங்கிலத்தில் ஆங்கிலேயரே வியக்கும் புலமை அவருக்கு இருந்தது.

நல்ல வேலையும் ஊர் மதிப்பும் இருந்த நிலையில், 1907-ல் அதை விட்டுவிட்டு கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். பொதுப்பணிக்கே வாழ்வை ஒப்படைத்து, குறைந்த உதவித்தொகையில் காலம் தள்ளுவோரின் அமைப்பு அது. 1915-ல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். 1913-ல் சென்னை சட்டசபைக்கும் 1916-ல் இம்பீரியல் சட்டசபைக்கும் சென்றார்.

அது முதல் உலகப்போர்க் காலம். 1915-ல் வந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டம், சந்தேகப்பட்டவர்களை விசாரணையின்றி முடக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்திருந்தது. மவ்லானா முஹம்மது அலீ, மவ்லானா ஷவ்கத் அலீ சகோதரர்கள் 1915 முதல் 1919 இறுதி வரை தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார்கள். மவ்லானா அபுல் கலாம் ஆஸாத் ராஞ்சியில் முடக்கப்பட்டார். ஷைகுல் ஹிந்த் மவ்லானா மஹ்மூதுல் ஹஸன் மால்டா தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை.

போர் முடிந்ததும் இந்த அதிகாரமும் முடிந்திருக்க வேண்டும். கையில் கிடைத்ததை விட்டுவிட அரசுக்கு மனமில்லை. நீதிபதி சிட்னி ரவ்லட் தலைமையில் குழு அமைத்து, அதன் பரிந்துரையின் பேரில் 1919 பிப்ரவரியில் மசோதா கொண்டுவந்தது. அந்தக் குழுவில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி குமாரசுவாமி சாஸ்திரியும் ஓர் உறுப்பினர். ஒரே மாகாணத்தின் இரண்டு சாஸ்திரிகள் எதிரெதிர் பக்கம் நின்றார்கள்.

பிப்ரவரி 7-ல் சீனிவாச சாஸ்திரியார் பேசினார். குற்றவாளியைப் பிடிக்கத்தானே சட்டம், நிரபராதி ஏன் பயப்பட வேண்டும் என்பது அரசின் வாதம். இன்றும் நாம் அடிக்கடி கேட்கும் வாதம்தான் இது. சாஸ்திரியார் அதன் வேரிலேயே கை வைத்தார். பீதியில் இருக்கும் அரசின் கையில் கிடைத்த கொடிய சட்டம் கெட்டவனோடு நிற்காது, நல்லவனையும் தேடி வரும் என்றார். அதிகாரிகளின் அகராதியில் நிரபராதி என்றால் பொது விஷயம் எதிலும் தலையிடாமல், கும்பிடு போட்டுவிட்டு வீட்டோடு இருப்பவன் மட்டுமே என்று எடுத்துக்காட்டினார். அரசைக் குறை சொல்லும் எவருக்கும், தனக்கும்கூட, பாதுகாப்பு இருக்காது என்றார்.

இதைச் சொன்னவர் புரட்சிக்காரர் அல்லர். பிரிட்டிஷ் ஆட்சியின் நல்லெண்ணத்தை நம்பிய மிதவாதி. அதனால்தான் அந்தப் பேச்சு அரசைச் சுட்டது.

ஆனாலும் அரசுத் தரப்பின் எண்ணிக்கை பலத்தில் மார்ச் மாதம் சட்டம் நிறைவேறியது. ஜின்னா, மஸ்ஹருல் ஹக், மதன்மோகன் மாளவியா ஆகியோர் உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்தார்கள். காந்தியடிகள் சத்தியாக்கிரகம் அறிவித்தார். ஏப்ரல் 10-ல் டாக்டர் சைஃபுத்தீன் கிச்லுவும் டாக்டர் சத்யபாலும் அமிர்தசரஸிலிருந்து நாடு கடத்துவதுபோல் அப்புறப்படுத்தப்பட்டார்கள். ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலாபாக்கில் துப்பாக்கிகள் வெடித்தன. அரசுக் கணக்கின்படியே 379 பேர் கொல்லப்பட்டார்கள்.

சாஸ்திரியார் ராஜினாமா செய்யவில்லை. சட்டமறுப்பையும் அவர் ஏற்கவில்லை. பிற்காலத்தில் ஒத்துழையாமை இயக்கத்தையும் எதிர்த்தார். இதற்காக அவரைக் கடுமையாக விமர்சித்தவர்கள் உண்டு. கிலாபத் இயக்கத்தில் சிறை சென்ற நம் முன்னோர்களின் பாதையும் அவர் பாதையும் வேறு வேறு. ஆனால் அவர் சபைக்குள் தொடங்கிய வேலையைக் கைவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

புதிய சீர்திருத்தத்தின் கீழ் அமைந்த மேல்சபையில் அவர் உறுப்பினரானார். 1921 பிப்ரவரியில், நடைமுறையில் உள்ள அடக்குமுறைச் சட்டங்களை ஒவ்வொன்றாக ஆராய ஒரு குழு வேண்டும், எவற்றை ரத்து செய்யலாம், எவற்றைத் திருத்தலாம் என்று அது சொல்ல வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார். அதே மாதத்தில்தான் சென்னையின் கிலாபத் தலைவர் யாகூப் ஹஸன் சேட் கோழிக்கோட்டில் கைது செய்யப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

தீர்மானத்தின் பேரில் தேஜ் பகதூர் சாப்ரு தலைமையில் குழு அமைந்தது. ரவ்லட் சட்டத்தை ரத்து செய்யலாம் என்று அது பரிந்துரைத்தது. 1922-ல் அந்தச் சட்டம் ரத்தானது. மூன்று ஆண்டுகளில் ஒருவர் மீதுகூட அது பயன்படுத்தப்படவில்லை. இத்தனை உயிர்களைப் பலிகொண்ட பிடிவாதத்தின் விளைவு, யாருக்கும் தேவைப்படாத ஒரு சட்டம்!

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. அரசியல் கைதிகளை விசாரணையின்றி அடைக்க உதவிய 1818-ஆம் ஆண்டு வங்காள ஒழுங்குமுறை போன்றவை தொடர்ந்தன. கிலாபத் தொண்டர் படைகளைச் சட்டவிரோதமாக்க வேறொரு பழைய சட்டம் கை கொடுத்தது. ஒரு கதவை மூடினால் அரசு இன்னொரு கதவைத் திறந்துகொள்ளும் என்பதற்கு அதுவே சாட்சி.

பின்னர் சாஸ்திரியார் 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்து அங்குள்ள இந்தியர்களின் உரிமைக்காகப் பேசினார். டர்பனில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1946 ஏப்ரல் 17-ல் சென்னையில் காலமானார்.

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். அவர்கள் தூய்மையானவர்கள் என்பதற்கான அத்தாட்சிகளைக் கண்ட பிறகும் சிறையில் தள்ளினார்கள். விடுதலை வந்தபோது, முதலில் உண்மையை விசாரியுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அவர்கள் வெளியே வந்தார்கள். கருணையால் கிடைக்கும் விடுதலையைவிட நீதியான விசாரணை மேலானது என்பதை அதில் கற்கிறோம்.

சுதந்திர இந்தியாவிலும் மிசா, தடா, பொடா என்று சட்டங்கள் வந்து போயின. தடா 1995-ல் நீட்டிக்கப்படாமல் காலாவதியானது; பொடா 2004-ல் ரத்தானது. இரண்டுமே, கேள்வி எழுப்பியவர்கள் ஓயாமல் எழுப்பியதால் நடந்தவை. யுஏபிஏ இன்றும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் எல்லாச் சமூகத்து ஏழைகளும் இருக்கிறார்கள்.

தெருவில் இறங்கிப் போராடுவதற்கு ஒரு பலன் உண்டு. சபைக்குள் இருந்து சட்டத்தைப் பிரித்து ஆராய்ந்து, தோற்றாலும் மறுபடி கேட்பதற்கு இன்னொரு பலன் உண்டு. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு நம் மஹல்லாவுக்கு வருபவரிடம், சாலையும் தண்ணீரும் கேட்பதோடு இதையும் கேட்போம்: ஐந்தாண்டுகளில் விசாரணைக் கைதிகளுக்காகச் சபையில் எத்தனை முறை வாய் திறந்தீர்கள்?