உருகிய எஃகின் சூட்டை அளக்க வழி காட்டியவர்... யார் இந்த லீ சாட்லியர்?

மேல்நிலை வகுப்பில் வேதியியல் படித்தவர்களுக்கு லீ சாட்லியர் பெயர் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. வேதிச் சமநிலைப் பாடத்தில் வரும் தத்துவம் இவருடையதுதான். ஆனால், எஃகு ஆலைகள் இவரை நினைவில் வைத்திருக்க வேண்டிய காரணமே வேறு. உலைச் சூட்டைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல், எண்ணில் சொல்ல வழி செய்தவர் இவர்.

சுரங்கத்தில் தொடங்கிய தேடல்

ஹென்றி லீ சாட்லியர் 1850-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா லூயி, சுரங்கப் பொறியாளர். சீமென்ஸ்-மார்ட்டின் எஃகு உலை முறை பிரான்ஸுக்கு வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. மகன் 1877-ல் பாரிஸ் சுரங்கப் பள்ளியில் பேராசிரியரானார். நிலக்கரிச் சுரங்க வாயு வெடிப்புகளை ஆராயும் பணி அவரிடம் வந்தது. எரியும் வாயு எவ்வளவு சூடாகிறது என்று தெரியாமல் அந்த ஆய்வு நகராது.

அதுவரை எப்படி அளந்தார்கள்?

பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். அதனால் சாதாரண வெப்பமானி உலைப் பக்கமே போக முடியாது. அனுபவசாலி தொழிலாளி நிறத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கணக்கு: மங்கிய சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை. ஒரே இரும்பு வெயிலில் ஒரு மாதிரியும் இருட்டில் வேறு மாதிரியும் தெரியும். கணிப்பு தப்பினால் எஃகு வீண்.

இரண்டு கம்பிகள்

வெவ்வேறு உலோகக் கம்பிகளை இணைத்துச் சூடாக்கினால் மின்னோட்டம் வரும் என்பதை சீபெக் 1821-லேயே கண்டுபிடித்திருந்தார். ஆனால் இரும்பு, பிளாட்டினம் கம்பிகளை வைத்து முயன்றவர்களுக்கு அளவு நிலையாக வரவில்லை. கோளாறு கம்பியில்தான் என்று பிடித்தார் லீ சாட்லியர். ஒரு பக்கம் தூய பிளாட்டினம், மறுபக்கம் 10 சதவீதம் ரோடியம் கலந்த பிளாட்டினம். அவ்வளவுதான், அளவு நிலைத்தது.

இந்தக் கருவியை வைத்துத்தான் பிளோரிஸ் ஆஸ்மண்ட், குறிப்பிட்ட வெப்பநிலைகளில் எஃகின் உள்ளமைப்பே மாறுவதைக் காட்டினார். அடுத்து 1892-ல், உலோகத்தின் ஒளியை விளக்கின் ஒளியோடு ஒப்பிட்டு, தொடாமலே சூட்டை அளக்கும் கருவியையும் லீ சாட்லியர் உருவாக்கினார்.

கைநழுவிய வெற்றி

எல்லாமே வெற்றி இல்லை. 1901-ல் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா தயாரிக்க முயன்றபோது, கருவிக்குள் காற்று கலந்து வெடித்தது. முயற்சியைக் கைவிட்டார். சில ஆண்டுகளில் ஜெர்மனியின் ஹேபர் அதில் ஜெயித்தார். அந்த வருத்தம் லீ சாட்லியருக்குக் கடைசிவரை இருந்தது. 1936-ல் காலமானார்.

இன்று என்ன நிலை?

சுமார் 1,600 டிகிரியில் உருகிய நிலையில் இருக்கும் எஃகில், பிளாட்டினம்-ரோடியம் கம்பி உள்ள குழாயைச் சில நொடிகள் முக்கி எடுப்பது இன்றும் ஆலைகளில் வழக்கம். ஒருமுறை முக்கினால் அது காலி. அடுத்த கட்டமாக வந்திருப்பது ஆப்டிகல் ஃபைபர். மெல்லிய உலோக உறைக்குள் இருக்கும் கண்ணாடி இழையை எஃகுக்குள் செலுத்துவார்கள். உள்ளே இருக்கும் ஒளி இழை வழியாக வெளியே வரும். அதை வைத்து வெப்பநிலை கணக்கிடப்படும். நுனி கரையக் கரைய, சுருளிலிருந்து புது இழை இறங்கும்.

கருவி புதுசு. ஆனால் ஒளியை வைத்துச் சூட்டை அளக்கும் யோசனை, 1892-ல் அவர் கையாண்டதுதான்.