சுழலுக்குக் கணக்குச் சொன்னவர்களின் ஆசிரியர்

காவிரியில் வெள்ளம் வரும்போது சுழிகளைப் பார்த்திருப்பீர்கள். முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் ஆறு, ஸ்ரீரங்கத்தை நடுவில் விட்டு இருபுறமும் ஓடுகிறது. பாலத்துத் தூண் அருகே தண்ணீர் சுழலும். வந்த தண்ணீர் போய்விடும். சுழி மட்டும் அங்கேயே சுற்றும்.

இதற்குக் கணக்குப் போடுவது எளிதல்ல. ஒரு மாம்பழத்தின் விலை தெரிந்தால் இரண்டின் விலையைச் சொல்லிவிடலாம். ஓடும் நீர் அப்படி அல்ல. வேகம் இரட்டித்தால் விளைவும் இரட்டிக்கும் என்று சொல்ல முடியாது. நீரின் வேகமே அந்த வேகத்தை மாற்றுகிறது.

இந்த இனத்துக் கணக்குகளைக் கற்ற ஒருவர் 1937-ல் திருச்சிக்கு வந்தார். அவர்தான் ராசீன் பாதிரியார்.

பாரிசில் பட்டம்

ராசீன் 1897-ல் பிரான்சில் பிறந்தார். யேசு சபையில் சேர்ந்து துறவியானார். பாரிசில் எலி கார்த்தான் என்ற கணித மேதையிடம் பயின்று, 1934-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளே அவருடைய ஆராய்ச்சி. அவையும் இதே இனம்தான். பொருள் வெளியை வளைக்கிறது. வளைந்த வெளி பொருளின் போக்கை மாற்றுகிறது.

இவ்வளவு படித்தவர், மலைக்கோட்டை அருகே செயின்ட் ஜோசப் கல்லூரியில் நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். 1939-ல் சென்னை லயோலா கல்லூரிக்கு மாறினார்.

மாணவர்களின் வெற்றி

அப்போது கல்லூரிக் கணக்கு பெரும்பாலும் பரீட்சைக்கான பழைய பாடம். ராசீன் ஐரோப்பாவின் புதிய கணிதத்தைச் சொல்லிக் கொடுத்தார். கெட்டிக்காரப் பிள்ளை சர்க்கார் உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்று குடும்பங்கள் விரும்பிய காலம் அது. அவரோ நல்ல மாணவர்களைப் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகத் தூண்டினார்.

அப்படிப் போனவர்கள் எம்.எஸ்.நரசிம்மனும் சி.எஸ்.சேஷாத்ரியும். 1965-ல் இருவரும் சேர்ந்து ஒரு தேற்றத்தை வெளியிட்டார்கள். உலகம் வியந்தது. 1983-ல் பிரிட்டனைச் சேர்ந்த டொனால்ட்சன் அதையே வளைவுச் சமன்பாடுகளைக் கொண்டு புதிய வழியில் நிரூபித்தார்.

அந்த வழியில் நடந்தவர்கள் சுழல் சமன்பாடுகளுக்கும் விடை கண்டார்கள். கடுங்குளிரில் மின்சாரத்தைத் தடையின்றிக் கடத்தும் உலோகங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குள் காந்த சக்தி சின்னஞ்சிறு சுழல்களாக நுழைகிறது. அந்தச் சுழல்களை விளக்க எழுந்த சமன்பாடுகள் அவை.

ராசீன் 1976-ல் காலமானார். அவர் பெயரில் புகழ்பெற்ற தேற்றம் இல்லை. மாணவர்கள் பெயரில் இருக்கிறது. நல்ல ஆசிரியருக்கு வேறென்ன பெருமை வேண்டும்?