நோபல் கமிட்டி தவறவிட்ட மனிதர்... இன்சுலின் ஊசிக்கு வழி திறந்த ஆஸ்வால்ட் ஏவரி யார்?

மெடிக்கல் ஷாப்பில் வாங்குற ஹியூமன் இன்சுலின் எந்த மனிதரின் உடம்பில் இருந்தும் எடுத்தது இல்லை. பாக்டீரியாவோ ஈஸ்டோ தயாரிச்சுக் கொடுத்தது. மனிதரின் இன்சுலின் மரபணுவை அந்த நுண்ணுயிருக்குள்ள வெச்சா, அது தன் வேலையோட சேர்த்து நமக்கு இன்சுலினும் செய்யும். இதுதான் மறுசேர்க்கை டிஎன்ஏ தொழில்நுட்பம்.

இதைத் தொடங்கி வைத்தவர்கள் என்று ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் போயர் பெயர்களைச் சொல்வார்கள். ஆண்டு 1973. சரி, ஒரு டிஎன்ஏ துண்டை எடுத்து வேறு செல்லுக்குள் போட்டால் அதன் குணமே மாறும் என்பது முதலில் யாருக்குத் தெரிந்தது? அதற்கு 29 ஆண்டுகள் பின்னால் போகணும். அங்கே இருப்பவர், ஓய்வு வயதைத் தொட்ட ஒரு ஒல்லியான டாக்டர். பிளஸ் டூ உயிரியல் படித்தவர்கள் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி என்று மூன்று பெயர்களை மனப்பாடம் செய்திருப்பார்கள். அதில் முதல் பெயர்தான் இவர்.

போதகர் வீட்டுப் பையன்

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 1877 அக்டோபர் 21-ல் பிறந்தார் ஆஸ்வால்ட் ஏவரி. அப்பா பாப்டிஸ்ட் சபையின் போதகர். குடும்பம் நியூயார்க்குக்கு இடம் மாறியபோது ஏவரிக்கு 10 வயது. அப்பாவின் சர்ச்சில் கார்னெட் வாசிப்பார். 1892-ல் அண்ணனும் அப்பாவும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள்.

கொலம்பியாவில் மருத்துவம் படித்து 1904-ல் டாக்டர் ஆனார். நோயாளிகளைப் பார்த்தார், ஆனால் மனம் ஒட்டவில்லை. மருந்தே இல்லாத நோய்களுக்கு முன்னால் டாக்டர் என்ன செய்ய முடியும்? லேப் பக்கம் திரும்பினார். 1913-ல் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் சேர்ந்தவர், அதன்பின் 35 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஒரே ஒரு கிருமி

அவர் கையில் எடுத்தது நிமோனியா. ஆன்டிபயாட்டிக் வராத காலம் அது, அமெரிக்காவில் அதிக உயிர்களை எடுத்த நோய்களில் ஒன்று. அதை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியில் பல வகை உண்டு. ஒரு வகைக்கான சீரம் இன்னொரு வகைக்கு வேலை செய்யாது. ஏன்? 1923-ல் மைக்கேல் ஹைடல்பெர்கருடன் சேர்ந்து ஏவரி விடை சொன்னார். கிருமியைச் சுற்றியிருக்கும் உறை ஒரு வகைச் சர்க்கரைப் பொருள், வகைக்கு வகை அது மாறுகிறது. உறை இருந்தால் கிருமி கொல்லும், உறை இல்லையென்றால் சாது.

1928-ல் லண்டனில் இருந்து ஒரு விசித்திரமான செய்தி வந்தது. ஃபிரெடரிக் கிரிஃபித் என்பவர், கொதிக்க வைத்துக் கொன்ற ஆபத்தான கிருமியையும் உயிருள்ள சாதுக் கிருமியையும் கலந்து எலிகளுக்கு ஊசி போட்டார். எலிகள் செத்தன. செத்த எலிகளின் ரத்தத்தில் உறை போட்ட கிருமி உயிரோடு இருந்தது!

ஏவரி இதை நம்பவில்லை. கிருமி வகைகள் மாறாதவை என்று ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தவர் அவர். ஆனா அவருடைய லேபிலேயே மார்ட்டின் டாசன் அதே சோதனையைச் செய்தார், அதே முடிவு வந்தது. பிறகு எலியே தேவையில்லை, டெஸ்ட் டியூப் போதும் என்றானது. அடுத்து லயனல் அல்லோவே, செத்த கிருமியை உடைத்து வடிகட்டிய சாறு மட்டுமே போதும் என்று காட்டினார். அப்போ அந்தச் சாற்றில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் சாதுவைக் கொலைகாரனாக மாற்றுகிறது. எது அது?

75 லிட்டர்... சில மில்லிகிராம்

இந்த ஒரு கேள்விக்குத்தான் அடுத்த பத்தாண்டும் போனது. முதலில் காலின் மெக்லியாட், 1941-ல் இருந்து மெக்லின் மெக்கார்ட்டி. 75 லிட்டர் அளவுக்குக் கிருமி வளர்ப்பார்கள், பால் கடையும் இயந்திரம் போலச் சுழலும் கருவியில் பிரிப்பார்கள். கொல்லும் கிருமி காற்றில் தெறிக்குமே என்று அந்தக் கருவிக்குத் தனியாகக் கூடு கட்டினார்கள். இத்தனைக்கும் பிறகு கையில் கிடைப்பது 10 முதல் 25 மில்லிகிராம்.

சாற்றில் புரதத்தைச் செரிக்கும் நொதியைப் போட்டார்கள். மாற்றும் சக்தி அப்படியே இருந்தது. ஆர்என்ஏவை அழிக்கும் நொதி... அப்பவும் இருந்தது. டிஎன்ஏவை அழிக்கும் நொதியைப் போட்டதும் சக்தி காணாமல் போனது. சுத்தம் செய்த பொருள் 60 கோடியில் ஒரு பங்கு இருந்தாலே கிருமி மாறியது. அதன் வாரிசுகளும் மாறியபடியே பிறந்தன.

1944 பிப்ரவரியில் கட்டுரை வெளியானது. ஏவரிக்கு வயது 66. பெரும்பாலான விஞ்ஞானிகள் தங்கள் சிறந்த வேலையை 40-க்குள் முடித்துவிடும் துறையில் இது அபூர்வம். மரபணு என்பதே டிஎன்ஏதான் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. தம்பி ராய்க்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சாத்தியத்தைப் பேசினார், அச்சில் அடக்கி வாசித்தார். அந்த நிதானமே அவருக்கு எதிராகப் போனது என்றும் சொல்லலாம்.

எதிர்ப்பு பக்கத்து அறையில் இருந்து

அன்றைய நம்பிக்கை என்னன்னா, மரபுப் பொருள் புரதமாகத்தான் இருக்கணும். டிஎன்ஏ ஒரே மாதிரி நாலு எழுத்து திரும்பத் திரும்ப வரும் மந்தமான பொருள் என்று நினைத்தார்கள். அந்தக் கருத்தைப் பரப்பிய ஃபீபஸ் லெவின் வேலை பார்த்ததும் இதே ராக்ஃபெல்லர் நிறுவனம். கட்டுரை வந்த பிறகு ஆல்ஃபிரட் மிர்ஸ்கி, கண்ணுக்குத் தெரியாத துளி புரதம் ஒட்டியிருக்கலாமே என்று விடாமல் கேட்டார். அவரும் அதே நிறுவனம்தான்!

கவனித்தவர்களும் உண்டு. எர்வின் சார்காஃப் தன் ஆராய்ச்சியையே டிஎன்ஏ பக்கம் திருப்பினார். 1945-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் ஏவரிக்குக் கிடைத்தது. நோபலுக்கும் பலமுறை பரிந்துரைக்கப்பட்டார், ஆனால் கமிட்டி இன்னும் ஆதாரம் வரட்டும் என்று காத்திருந்தது. 1952-ல் ஹெர்ஷியும் சேஸும் வைரஸ்களை வைத்து டிஎன்ஏவின் பங்கை உறுதி செய்தார்கள், 1953-ல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் வடிவத்தை வெளியிட்டார்கள். அப்போது ஏவரி நாஷ்வில்லில், தம்பி குடும்பத்துக்கு அருகில் ஓய்வில் இருந்தார். 1955 பிப்ரவரி 20-ல் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். இறந்தவர்களின் பெயரை நோபலுக்குப் பரிசீலிப்பது இல்லை. ஹெர்ஷிக்கு 1969-ல் அந்தப் பரிசு வந்தது. ஏவரிக்குக் கொடுக்காமல் விட்டது வருத்தத்துக்குரியது என்பதை நோபல் தரப்பே பின்னாளில் ஒப்புக்கொண்டது.

அங்கிருந்து இன்சுலின் வரை

கோஹன், போயர் செய்ததில் புதுசு வெட்டி ஒட்டுவது. ஒரு நொதி கத்திரிக்கோல் போல டிஎன்ஏவை வெட்டும், இன்னொன்று பசை போல ஒட்டும். ஒட்டிய வளையத்தைப் பாக்டீரியாவுக்குள் அனுப்பி, மாறிய பாக்டீரியாவைத் தேடிப் பிடித்து வளர்ப்பது கடைசிக் கட்டம். வெறும் டிஎன்ஏவைக் கொடுத்துக் கிருமியின் குணத்தை மாற்றும் அந்தக் கட்டம் ஏவரி லேபில் நடந்த அதே வேலைதான். பெயர்கூட மாறவில்லை, இன்றும் டிரான்ஸ்ஃபர்மேஷன்.

அதுவரை சர்க்கரை நோயாளிகள் பன்றி, மாட்டின் கணையத்தில் இருந்து எடுத்த இன்சுலினை நம்பியிருந்தார்கள். சிலருக்கு அலர்ஜி வந்தது. 1978-ல் ஈ.கோலை பாக்டீரியாவில் மனித இன்சுலின் தயாரானது, 1982-ல் அமெரிக்கா அதை விற்க அனுமதித்தது. 1986-ல் ஈஸ்ட் செய்து கொடுத்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வந்தது.

அந்த மூவரில் மெக்லியாட் 1972-லேயே, கோஹன், போயர் கட்டுரை வருவதற்கு முந்தைய ஆண்டு, இறந்துவிட்டார். இதையெல்லாம் கண்ணால் பார்த்தது 2005 வரை வாழ்ந்த மெக்கார்ட்டி மட்டும்தான். ஏவரி லேபின் கதையை 1985-ல் அவரே புத்தகமாக எழுதினார்.