ஓடும் படிகத்தைக் கண்டவர்!

குட்டீஸ்... கால்குலேட்டரில் கறுப்பு எண்கள் தோன்றுகின்றனவே, அந்தக் கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? திரவமா என்று கேட்டால், ஆமாம். படிகமா என்று கேட்டால், அதற்கும் ஆமாம்! அதன் பெயர் திரவப் படிகம். இப்படி ஒரு பொருள் உலகில் இருக்கவே முடியாது என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் அடித்துச் சொன்ன காலம் ஒன்று உண்டு. இருக்கிறது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடியவர், ஓட்டோ லேமன்.

ஜெர்மனியில் உள்ள கான்ஸ்டன்ஸ் நகரில், 1855ம் ஆண்டு, ஜனவரி 13ம் தேதி பிறந்தார் லேமன். அப்பா பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். மைக்ராஸ்கோப் என்றால் அவருக்கு உயிர். மகனும் சின்ன வயதிலேயே சோதனைகள் செய்யவும், பார்த்ததை எழுதி வைக்கவும் பழகிக் கொண்டார். ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, முதலில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார்.

படிகங்கள் உருகுவதையும், உறைவதையும் நேரில் பார்க்க அவருக்கு ஆசை. அதற்காகவே ஒரு மைக்ராஸ்கோப் அமைத்தார். பொருளைச் சூடாக்கிக் கொண்டே பார்க்க அதில் வசதி இருந்தது. இன்னொரு விசேஷமும் உண்டு. அதைப் புரிந்து கொள்ள, ஒரு கயிறு எடுத்துக் கொள்ளுங்கள்.

ஜன்னலின் நெட்டுக் கம்பிகளுக்கு இடையே கயிற்றை நுழைத்து, மேலும் கீழுமாக ஆட்டுங்கள். அலை கம்பியைத் தாண்டிப் போகும். பக்கவாட்டில் ஆட்டினால், கம்பியில் மோதி நின்று விடும். ஒளியும் அலைதான், எல்லாப் பக்கமும் அதிரும். சிலவகைப் படிகத்தால் செய்த பட்டகத்தின் வழியே அனுப்பினால், ஒரே திசையில் அதிரும் ஒளி மட்டும் வெளியே வரும். இதற்குத் தளவிளைவு என்று பெயர்.

லேமனின் மைக்ராஸ்கோப்பில் இப்படி இரண்டு பட்டகங்கள். ஒன்றுக்கு ஒன்று குறுக்காக இருக்கும். ஆகவே உள்ளே பார்த்தால் ஒரே இருட்டு! நடுவில் தண்ணீரோ, எண்ணெயோ வைத்தாலும் இருட்டுதான். ஆனால், சிறு கற்கண்டுத் துண்டை வைத்தால் பளிச்சென்று ஒளிரும். கற்கண்டின் மூலக்கூறுகள் அணிவகுப்பில் நிற்கும் மாணவர்களைப் போல வரிசையாக நின்று, ஒளி அதிரும் திசையை மாற்றி விடுவதே காரணம்.

1888ம் ஆண்டு மார்ச் மாதம், பிராக் நகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர், ரைநிட்சர் என்ற தாவரவியலாளர். கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலைக் கொண்டு அவர் ஒரு பொருள் தயாரித்திருந்தார். அது 145.5 டிகிரி செல்சியசில் உருகி, மங்கலான திரவமாகிறது, 178.5 டிகிரியில் திடீரென்று தெளிவாகி விடுகிறது. ஒரே பொருள் இரண்டு முறை உருகுமா?

அந்தப் பொருளைத் தன் மைக்ராஸ்கோப்பில் வைத்தார் லேமன். மங்கலான திரவம் எண்ணெய் போல ஓடியது. ஆனால், இருட்டாக இல்லை. கற்கண்டு போல ஒளிர்ந்தது! அவருக்கே நம்ப முடியவில்லை. மீண்டும் மீண்டும் பார்த்த பிறகு, 1889ம் ஆண்டு, ஓடும் படிகங்கள் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு, ரேடியோ அலைகளைக் கண்டறிந்த ஹெர்ட்ஸ் வகித்த பேராசிரியர் பதவி, கார்ல்ஸ்ரூ நகரில் அவருக்குக் கிடைத்தது.

எதிர்ப்பும் கிளம்பியது. டம்மான் என்ற புகழ்பெற்ற வேதியியலாளர், இது வெறும் கலவை என்றார். பாலில் கொழுப்புத் துளிகள் மிதப்பதால்தானே பால் வெள்ளையாகத் தெரிகிறது. அதுபோல இரண்டு திரவங்கள் கலந்ததால் வந்த மங்கல் என்பது அவர் வாதம். ஆனால், எவ்வளவு தூய்மைப்படுத்தினாலும் அந்த மங்கல் போகவில்லை.

லேமனிடமும் குறை இல்லாமல் இல்லை. துளிகள் புழு போல நெளிவதையும், ஒன்றோடு ஒன்று சேர்வதையும் கண்டு, அவற்றை உயிர்களோடு ஒப்பிட்டு எழுதினார். அது சந்தேகப்பட்டவர்களின் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. முதலில் கண்டது யார் என்ற விஷயத்தில் ரைநிட்சருடனும் மனஸ்தாபம். 1908ம் ஆண்டு, தன் பங்கை விளக்கி ரைநிட்சர் தனிக் கட்டுரையே எழுத வேண்டியதாயிற்று. கடிதம் எழுதியவருக்கு உரிய பங்கைத் தாராளமாகவே கொடுத்திருக்கலாம்!

நோபல் பரிசுக்கு லேமன் பெயர் பலமுறை பரிந்துரைக்கப்பட்டது. பரிசு வரவே இல்லை. 1922ம் ஆண்டு ஜூன் 17ம் தேதி கார்ல்ஸ்ரூவில் காலமானார். அதே ஆண்டில்தான், பிரான்ஸ் விஞ்ஞானி பிரீடல் இந்தப் பொருட்களை மூன்று வகையாகப் பிரித்துப் பெயர் வைத்தார்.

அதில் ஒரு வகை கொலஸ்டிரிக். ரைநிட்சர் அனுப்பினாரே, அந்தப் பொருளின் வகை. இதில் மூலக்கூறுகள் சுழல் படிக்கட்டு போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நிற்கும். 1998ம் ஆண்டு, நியூயார்க் விஞ்ஞானிகள் இந்த வகைத் திரவப் படிகத்தில் சாயம் கலந்து, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி, லேசர் கதிர் வரவழைத்தனர். அந்தக் கதிரின் அதிர்வும் திருகாணி போலச் சுழன்று கொண்டே வரும். படிக்கட்டு வலப்பக்கம் சுற்றினால் ஒளியும் வலப்பக்கம். இடப்பக்கம் சுற்றினால் ஒளியும் இடப்பக்கம்!